மறு: தூக்குப்பாலமா, எழுபாலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்து ரயில் பாலம் பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் கேட்டேன்: கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் பாலத்தைத் தமிழில் என்ன சொல்வது? இரண்டு நாளில் ஐந்து பதில்கள் வந்துவிட்டன, நன்றி. முக்கியமானவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

> செங்குத்தாக உயரும் பாலத்துக்கு 'எழுபாலம்' போதும். வினைத்தொகை, சின்னச் சொல்.

சொல் அழகுதான். ஆனால் மதுரை எழுகடல் தெருவை ஏழு கடல் என்றுதானே புரிந்துகொள்கிறோம்? எழுபாலம் என்றால் மீதி ஆறு பாலம் எங்கே என்று கேட்பார்கள். 'எழுகண் பாலம்' என்று திருத்தினால் இன்னும் மோசம். (கண் என்பதை மட்டும் கைவிட வேண்டாம். இரண்டு தூணுக்கு நடுவில் இருப்பது கண். ஊரில் புழங்கும் சொல் இருக்கும்போது 'இடைவீச்சு' எதற்கு?)

> தூக்குப்பாலம் ஏற்கெனவே பாம்பனுக்குப் போய்விட்டது. தவிர, தூக்குமேடை நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது தடையை நான் ஏற்கவில்லை. தூக்குவாளியைக் கையில் எடுக்கிற யாருக்கும் தூக்குமேடை நினைவுக்கு வருவதில்லை. முதல் தடைதான் உண்மையான சிக்கல். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் கண் மேலே போகாது. ஷெர்ஸர் வகை அது. நடுவில் பிரிந்து, இரண்டு இறக்கைகளும் கரைப் பக்கமாகச் சாய்ந்து நிமிரும். ஆட்கள் கையால் நெம்பித் திறந்தார்கள். 2025இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண் படுத்த வாக்கிலேயே மேலே ஏறுகிறது. செய்தித்தாள்களுக்கு இரண்டும் தூக்குப்பாலம். இயந்திரம் வேறு, பெயர் ஒன்று.

ராட்டர்டாம் பாலம் இரண்டாவது வகை. கோனிங்ஸ்ஹாவன் என்ற நீர்வழிக்கு மேல் அங்கே முதலில் இருந்தது சுழல்பாலம். பாலம் திரும்புகிற நேரமெல்லாம் ரயிலும் கப்பலும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்தன. 1918இல் ஒரு ஜெர்மானியக் கப்பல் வந்து மோதவும், மாற்றியே ஆகவேண்டும் என்றாயிற்று. பீட்டர் யோஸ்டிங் என்ற ரயில்வே பொறியாளர் வடிவமைத்த புதிய பாலம் 1927இல் வந்தது. இந்த வகையைப் பெரிய அளவில் முதலில் கட்டிக்காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் வாடெல், 1894இல் சிகாகோவில். டச்சுக்காரர்கள் தங்கள் பாலத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'டி ஹெஃப்'. ஹெஃபன் என்றால் தூக்குவது. பாலம் என்ற சொல்கூட இல்லை, வெறும் 'தூக்கு'!

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இரு பக்கமும் கோபுரம், உச்சியில் கப்பிகள். கப்பி வழியாக ஓடும் எஃகு வடத்தின் ஒரு முனையில் பாலத்துக் கண், மறுமுனையில் அதற்கு ஈடான எடை. இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் மோட்டார் பாலத்தின் எடையைச் சுமப்பதில்லை. உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். கண் கீழே இருக்கும்போது வடத்தின் பெரும்பகுதி கண் பக்கம் தொங்கும். மேலே போனதும் அது எடைப் பக்கம் சேர்ந்துவிடும். உயரமான பாலங்களில் அந்த வித்தியாசத்தையும் தனியாகச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. அதாவது, இது தராசு. தூக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் எடை நிறுத்தல், தராசு என்ற பொருளும் உண்டு. சீர்தூக்குதல் என்கிறோமே, அதே தூக்குதான். உயர்த்துவது, நிறுத்துவது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்க, புதிதாக எதற்குச் செய்வானேன்? நாம் ஏறும் மின்தூக்கியிலும் இதே எதிரெடை தொங்குகிறது.

ஆகவே தூக்குப்பாலத்தைச் செங்குத்து வகைக்கே கொடுத்துவிடலாம். பழைய பாம்பன் வகைக்கு என் முன்மொழிவு 'துலாப்பாலம்'. கிணற்றுத் துலாவில் ஒரு முனை தாழ மறுமுனை நிமிர்கிறது. இறக்கைப் பாலத்திலும் அதுதான் நடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பாஸ்க்யூல் என்ற பெயரும் ஏற்ற இறக்கப் பலகையைக் குறிப்பதுதான்.

இந்த வேறுபாடு வெறும் சொல்விளையாட்டு இல்லை. துலாப்பாலம் திறந்தால் மேலே வானம்தான். தூக்குப்பாலத்தில் கண் எவ்வளவு உயர்ந்தாலும் தலைக்கு மேல் கூரையாக நிற்கும். 2022இல் அமேசான் நிறுவனருக்காகக் கட்டிய பாய்க்கப்பலின் பாய்மரங்கள் டி ஹெஃபுக்கு அடியில் நுழையாது என்று, கண்ணையே தற்காலிகமாகக் கழற்றும் யோசனை வந்ததே, நினைவிருக்கிறதா? ஊரே கொதித்து, கடைசியில் அது கைவிடப்பட்டது. 1993இல் ரயில் சுரங்கப்பாதைக்குப் போன பிறகு, இடிக்க விடாமல் போராடிக் காப்பாற்றி வைத்த பாலமாயிற்றே.

> எதிரெடையா, ஈடெடையா?

ஈடெடை பொருளுக்கு நெருக்கம். ஆனால் வாய்க்கு வரவில்லை, இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். எதிரெடை இருக்கட்டும்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. கண் முழுதாக இறங்கி உட்கார்ந்து, பூட்டு விழுந்து, தண்டவாள முனைகள் நேராக நின்றால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். சிக்னல் சிவப்பில் இருந்தால்தான் பூட்டு திறக்கும். ஒன்றையொன்று கட்டிப்போடும் இந்த ஏற்பாட்டை ரயில்வேயில் இண்டர்லாக்கிங் என்கிறார்கள். 'பிணைப்பூட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒட்டவில்லை. சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், உங்கள் கேபினில் பேச்சு வழக்கில் என்ன சொல்வீர்கள்?