கியோட்டோவில் ரோபோ பேட்டரி சார்ஜர் இயங்கவில்லை, உதவி தேவை

வணக்கம். பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் மதுரையிலிருந்து எட்டு மாணவர்களுடன் ஜப்பான் வந்திருக்கும் ஆசிரியை நான். மாணவர்கள் உருவாக்கிய, தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடரும் ரோபோவின் பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடியவில்லை. நாளை மறுநாள் பிற்பகல், எங்களை வரவேற்கும் கியோட்டோ பள்ளியில் அதை இயக்கிக் காட்ட வேண்டும்.

பேட்டரி 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி, மூன்று செல் லித்தியம் பாலிமர். ரோபோவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை அர்டுயினோ ஊனோ. ஞாயிறன்று டோக்கியோவில் செருகியபோது சார்ஜரின் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்துவிட்டது. ஊரில் நன்றாக இயங்கிய அதன் அடியில் 220–240 வோல்ட் என்று மட்டுமே அச்சிட்டிருப்பதையும், இங்கு வீட்டு மின்சாரம் 100 வோல்ட் என்பதையும் அதன் பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். மிராய்க்கான் அருங்காட்சியகம், அசகுசாவின் சென்சோ-ஜி கோயில் என்று சுற்றிய இரண்டு நாள்களில் மின்னணுப் பொருள்கள் விற்கும் அகிஹபாரா கடைத்தெருவுக்குப் போகாமல் விட்டது என் தவறுதான்.

அடாப்டர் பொருத்திப் பார்த்தேன். அது முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை உயர்த்தாது. கியோட்டோ விடுதியிலும் அதே நிலைதான். பவர் பேங்கின் 5 வோல்ட்டில் பலகை இயங்குகிறது, மோட்டார்கள் அசையவில்லை. மடிக்கணினி சார்ஜரை நேரடியாக பேட்டரியில் இணைக்கலாம் என்று ஒரு மாணவன் சொன்னான். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் மறுத்துவிட்டேன்.

நாளை பகல் முழுவதும் ஃபுஷிமி இனாரி, கின்ககு-ஜி கோயில்களைச் சுற்றிப் பார்க்கிறோம். மாலை மட்டுமே ஓய்வு. 100 வோல்ட்டில் இயங்கும் மூன்று செல் பேலன்ஸ் சார்ஜர் (செல்கள் அனைத்தையும் சம அளவில் சார்ஜ் செய்வது) கியோட்டோவிலேயே எந்தக் கடையில் கிடைக்கும், அல்லது ஒசாகாவின் மின்னணுக் கடைத்தெருவான நிப்பொன்பாஷி வரை போக வேண்டுமா?