கோடை ஓவிய முகாம்: மே வெயிலில் நீர்வண்ணமும் நீல அச்சும்

கேள்வி:
கிருஷ்ணகிரியில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை 25 பிள்ளைகளுக்கு மே மாதம் ஐந்து நாள் முகாம். தகரக் கூரை ஹால், காலை 9 முதல் 1 மணி வரை. நீர்வண்ணமும் சயனோடைப் அச்சும் (ரசாயனம் பூசிய தாளில் இலை போன்றவற்றை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவி எடுக்கும் நீல அச்சு) வைக்க எண்ணம். எதை எந்த நேரத்தில் வைப்பது? அளவுகள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர் தண்ணீர்தான் இருக்கிறது.

பதில் 1:
நீர்வண்ணத்தை 9 மணிக்கே தொடங்கிவிடுங்கள் சார். கூரை சூடானபிறகு வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) போட்டால் பாதி வானம் முடியுமுன் ஓரம் காய்ந்து கோடு விழும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த) தாளை இருபுறமும் ஸ்பாஞ்சால் நனைத்து பலகையில் ஒட்டுங்கள். ஃபேன் வேண்டாம். வானத்துக்கான கலவையை முதலிலேயே கிண்ணம் நிறையக் கரைத்து வையுங்கள். நடுவில் கலக்கப் போனால் திட்டு நிச்சயம்.

பதில் 2:
சயனோடைப்புக்கு மே வெயிலைவிட நல்ல விளக்கு கிடையாது. பச்சை வகை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 12.5 கிராம் 50 மி.லி. நீரில், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 5 கிராம் வேறு 50 மி.லி. நீரில். பூசும் அன்று சம அளவாகக் கலக்கவும். தலைக்கு இரண்டு ஏ5 தாள் என்றால் 25 பேருக்குத் தாராளம். கரைக்க ஆர்ஓ தண்ணீர், கைக்கு கையுறை. ஜன்னலை மூடி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசி, இருட்டிலேயே காயவிடுங்கள்.

வெயிலில் எவ்வளவு நேரம் என்பதை ஒரு துண்டுத் தாளில் 2, 4, 6, 8 நிமிடம் எனப் படிப்படியாக மூடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பச்சை இலையைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் வியர்த்துக் கறை விடும். முந்தைய நாளே நாளிதழுக்குள் வைத்து அழுத்தவும். மாவிலை தடிமன், வெறும் உருவம்தான் விழும். புளியங்கொத்து, வேப்பங்கொத்து அழகாக வரும்.

முக்கியமானது தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. காரம் நீலத்தைத் தின்றுவிடும். அச்சு கழுவும்போது நன்றாக இருந்து பிறகு மஞ்சளாக வெளிறுவது பெரும்பாலும் இதனால்தான்.

கேட்டவர்:
நன்றி. ஒகேனக்கல் குழாய் தண்ணீர் ஒரு வேளை வரும். அது போதுமா? வினிகர் சேர்க்கலாமா?

பதில் 2:
போருக்கு அது எவ்வளவோ மேல், முந்தின நாளே டிரம்மில் பிடித்து வையுங்கள். முதல் அலசலில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர். தாளிலிருந்து மஞ்சள் கரைசல் போனதும் எடுத்துவிடுங்கள், ஊறப்போட வேண்டாம். கழிவறை ஆசிட் மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது: ஃபெர்ரிசயனைடும் வலுவான அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். கரைசலைப் பெரியவர் ஒருவரே கலக்கட்டும்.

பதில் 3:
ஒரு நாளை அரசு அருங்காட்சியகத்து நடுகற்களுக்கு (இறந்த வீரர்களின் நினைவுக் கற்கள்) ஒதுக்குங்கள். புடைப்புச் சிற்பத்துக்குப் பக்கவாட்டு ஒளி வேண்டும்; உள்ளே இருக்கும் கல் என்றால், அனுமதி கேட்டு டார்ச்சை ஓரத்திலிருந்து அடியுங்கள், வீரனின் கையும் வாளும் தனியாகத் தெரியும். கோடு போடாமல் நிழலை மட்டும் கரியால் தீட்டச் சொல்லுங்கள். கல்லின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்கவே கூடாது. நம் மாவட்டத்து மல்லப்பாடிப் பாறை ஓவியங்கள் வெண்ணிறத்தில் தீட்டப்பட்டவை. அதன் படங்களைக் காட்டி, மறுநாள் பழுப்புத் தாளில் வெள்ளைச் சாக்கால் மட்டுமே வரையவையுங்கள். அழிரப்பரைத் தேடும் பழக்கம் அதில் குறையும்.