ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியைப் பள்ளியில் படித்தபோது மனதில் நின்றது பயம் மட்டும்தான். படியில் ஏதாவது சத்தம் கேட்டால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்த வீடு. போன மாதம் மறுபடி எடுத்தேன். கூடவே அவளைப் பற்றியும் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

1944 மார்ச்சில், லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில் ஓர் அமைச்சர் பேசுகிறார். போர்க்காலத்து டைரிகளையும் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு தேவைப்படும் என்கிறார். அதைக் கேட்ட ஆன் தன் டைரியைப் புத்தகமாக்கும் எண்ணத்தில் தனித்தாள்களில் திருத்தி எழுத ஆரம்பிக்கிறாள். சிலவற்றை வெட்டுகிறாள். கூட ஒளிந்திருப்பவர்களுக்கு மாற்றுப் பெயர்கூட யோசித்து வைக்கிறாள். ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் பிடிபட்டார்கள். ஆன் முகாமில் இறந்துபோனாள். அவள் அப்பா டைரியைப் புத்தகமாகக் கொண்டுவந்தது 1947இல்.

உண்மையைச் சொன்னால், முதலில் ஏமாற்றமாக இருந்தது. டைரி என்றால் அன்றன்று கொட்டியது என்றுதான் நம்பியிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: முன்பின் தெரியாத யாரோ ஒருவர் படிப்பார் என்று நினைத்து, அந்த அறையில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை அடித்து வேறொன்றை எழுதியிருக்கிறாள். அந்த யாரோ ஒருவர் நான்தான். இரண்டு நாள் புத்தகத்தைத் தொட முடியவில்லை.

மூன்றாம் நாள் மகள் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைக் கொண்டுவந்து கொடுத்து, "அம்மா, இதைப் படி" என்றாள். இளையோர் நாவல் என்றாலே நமக்கில்லை என்று ஒதுக்குகிறவள் நான். அது தப்பு. எஸ். இ. ஹின்டன் இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 1967இல் அச்சில் வந்தபோது 18. ஆன் தன் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே 15 வயதில்தான். இந்த ஒற்றுமை மனதை விட்டுப் போகவே இல்லை.

கதையைச் சொல்கிற போனிபாய்க்கு 14 வயது. நாவலில் வரும் இளைஞர் கும்பல்களின் சண்டைகளைவிட, அண்ணன் டேரி தன்னை வெறுப்பதாக அவன் நம்பிக்கொண்டிருக்கும் பகுதிகள்தான் எனக்கு வலித்தன. பெற்றோர் இறந்துபோன பிறகு தம்பிகளை வளர்க்க வேலைக்குப் போகும் அண்ணனுக்கே வயது 20தான்! என் மகள் போனிபாய் பக்கம். நான் முழுக்க டேரி பக்கம். ராத்திரி வெகுநேரம் பேசினோம்.

படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவில் போனிபாய் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையை எழுத உட்காருகிறான். அவன் எழுதும் முதல் வரி, நாவலின் முதல் வரியேதான். இவ்வளவு நேரம் நான் படித்தது அவன் எழுதிய நினைவுக்குறிப்பா! சட்டென்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், மகள் ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.