பழைய சிங்கர் தையல் கைமெஷின்: சக்கரம் கால் சுற்றோடு நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

மரப்பெட்டி:
வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் சிங்கர் கைமெஷின் ஒன்று வாங்கினேன். கறுப்பு உடம்பு, தங்க நிறத்தில் ஸ்பிங்ஸ் படம், வளைந்த மரமூடி. மேடையில் (துணி வைத்துத் தைக்கும் அடித்தளத்தில்) ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தும் அதன் பின்னால் ஏழு இலக்கங்களும் பொறித்திருக்கின்றன. பாபின் வட்டமாக இல்லை. நீளக் குச்சி போல இருக்கிறது, அடிநூலைக் கொண்டுபோகும் தோட்டா வடிவ ஷட்டிலுக்குள் போகிறது. பாபின் சுற்றும் பாகம் கீழே, மேடையை ஒட்டி.

சக்கரம் முன்னும் பின்னும் கால் சுற்று போய் நின்றுவிடுகிறது. டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் கொஞ்சம் இளகுகிறது, மறுநாள் பழையபடி இறுக்கம். உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கும் என்கிறார் ஒருவர். பெயின்ட் அடித்து ஷோகேஸில் வையுங்கள் என்கிறார் இன்னொருவர். இது எந்த மாடல்? ஓட வைக்க முடியுமா?

இரும்புப்பித்து:
பெயின்ட் அடிக்காதீர்கள்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

‘ஒய்’ வரிசை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலைக்குரியது. 1920-களில் தொடங்கி 1935 வரை அந்த எழுத்து ஓடியது. பிறகு ‘இஏ’ என்று இரட்டை எழுத்து வந்துவிட்டது. ஆலையை 1980-ல் மூடிவிட்டார்கள். எண் பட்டியலில் கிடைக்கும் தேதி, அந்த எண்தொகுதியை ஒதுக்கிய தேதிதான். உங்கள் மெஷின் சரியாக அன்றைக்கே வெளிவந்தது என்று அர்த்தமில்லை.

தோட்டா ஷட்டில் என்றால் 27, 28, 127, 128 நான்கில் ஒன்று. சுற்றும் பாகம் கீழே இருப்பதால் 127, 128 இல்லை. மேடையின் நீளத்தை அளந்து பாருங்கள். பன்னிரண்டு அங்குலச் சொச்சம் என்றால் 28, பதினாலரை என்றால் 27.

ரிப்பேர் தாத்தா:
பல்சக்கரம் உடைஞ்சிருக்கும்னு சொன்னவர் இந்த மெஷினைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். இதோட தலைக்குள்ள பல்சக்கரமே கிடையாதும்மா. தண்டும் நெம்புகோலும்தான். பல்சக்கரம் இருக்கிறது கைப்பிடிப் பெட்டியில மட்டும். சக்கரத்தோட ஆரங்களுக்கு நடுவுல நீட்டிக்கிட்டிருக்கிற கைப்பிடியோட விரலை வெளிய மடக்கிட்டு, சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க.

அப்பவும் நின்னா, எப்படி நிக்குதுன்னு கவனிக்கணும். ‘டக்’னு இரும்புல மோதி நின்னா ஷட்டில் பக்கம் நூலோ முறிஞ்ச ஊசியோ சிக்கியிருக்கு. மெதுவா இழுத்துப் பிடிச்சு நின்னா எண்ணெய் இறுகியிருக்கு.

மரப்பெட்டி:
அளந்தேன், பன்னிரண்டரைக்குள் வருகிறது. ஷட்டிலை எடுத்துவிட்டேன், நூல் எதுவும் சிக்கவில்லை. வெல்லப்பாகில் கரண்டி போல இழுத்து நிற்கிறது ஐயா. மூட்டுகளில் எல்லாம் பழுப்பாக, அரக்கு மாதிரி ஒட்டியிருக்கிறது.

ரிப்பேர் தாத்தா:
தேங்காயெண்ணெய்! நம்ம பக்கத்து வீடுகள்ல மெஷினுக்கும் அதைத்தான் விட்டாங்க. வருஷக்கணக்கில காத்துபட்டு அது பிசினாயிடும். நீங்க அடிச்ச ஸ்பிரே அதைக் கொஞ்சம் கரைச்சுட்டு ஆவியாப் போயிடுது, அதான் மறுநாள் மறுபடி பிடிக்குது. உடைசல் ஒண்ணும் இல்ல, ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்.

இடது பக்க முகத்தகட்டைக் கழட்டுங்க. மெஷினைச் சாய்ச்சு அடியையும் பாருங்க. எண்ணெய்த் துளை, உரசுற மூட்டு ஒவ்வொண்ணிலும் மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு. பெயின்ட் மேல வழியக் கூடாது. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில முடி உலர்த்துற டிரையரால இரும்பைச் சூடாக்கி, நகர்ற அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் அசைங்க. பலம் போடாதீங்க. வர்ற பழுப்பைத் துடைச்சுட்டுத் திரும்பவும் விடுங்க. நல்லா சுழல ஆரம்பிச்சதும் மண்ணெண்ணெயைத் துடைச்சுட்டு மெஷின் ஆயில் விட்டே ஆகணும், இல்லேன்னா துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய் கிடைக்கலைன்னா மெஷின் ஆயிலும் சூடுமே போதும், நாள் கூடும்.

ஊசிக்கம்பியைப் பிடிச்சிருக்கிற திருகை மட்டும் தொடாதீங்க. அதோட உயரம் மாறினா ஷட்டில் நூலை எடுக்காது.

இரும்புப்பித்து:
படங்களுக்கு மேலே இருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் பட்டால் வெளுத்துக் கரைந்துவிடும், தின்னரும் ஆகாது. மெஷின் ஆயில் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்தாலே அழுக்கு வரும். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.

வேடிக்கை:
குறுக்கே வருகிறேன். இந்தப் பழைய சிங்கருக்குள் சிவப்புப் பாதரசம் இருக்காமே, லட்சக்கணக்கில் போகுமாமே?

இரும்புப்பித்து:
அந்தப் புரளி 2009-ல் சவூதியைக் கலக்கியது. வீட்டில் கிடந்த மெஷின்களுக்குத் தலைகால் புரியாத விலை சொன்னார்கள். உள்ளே இருப்பது வார்ப்பிரும்பும் எஃகும்தான். நம்மூர் இரிடியம் கலசக் கதையின் ஒன்றுவிட்ட தம்பி இது. காசு கேட்டு யாராவது வந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

மரப்பெட்டி:
ஐயா, சுழல்கிறது! வெண்ணெயாக. ஆனால் சக்கரத்தைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, நடுத்திருகை எவ்வளவு முடுக்கினாலும் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை.

ரிப்பேர் தாத்தா:
திருகுக்கு உள்ள மூணு காது வச்ச வாஷர் ஒண்ணு இருக்கும். அதை அரைவட்டம் திருப்பி வச்சு மாட்டுங்க. உள்பக்கம் இருக்கிற ரெண்டு சின்னக் கொக்கியும் வெளிப்பக்கம் பார்த்து வளைஞ்சிருக்கணும். நடுத்திருகுல இருக்கிற சின்னத் திருகு காதுல சரியா முட்டினாத்தான் பிடிக்கும்.

மரப்பெட்டி:
பிடித்துவிட்டது. இப்போது ஊசி இறங்குகிறது, ஆனால் அடிநூலைத் தூக்கி வரவே இல்லை. டெய்லர் கடையில் வாங்கிய புது ஊசி, 16-ஆம் நம்பர்.

ரிப்பேர் தாத்தா:
ஊசியோட தண்டு முழு உருண்டையா, ஒரு பக்கம் தட்டையா?

மரப்பெட்டி:
உருண்டைதான்.

ரிப்பேர் தாத்தா:
அது பவர் மெஷின் ஊசிம்மா. வீட்டு மெஷினுக்கான, தண்டு ஒரு பக்கம் தட்டையான 15×1 ஊசி கேளுங்க. 14-ஆம் நம்பர் போதும். தட்டைப் பக்கம் ஷட்டிலைப் பார்க்கணும், நீளப் பள்ளம் எதிர்ப்பக்கம். பள்ளம் இருக்கிற பக்கமிருந்து நூலைக் கோர்க்கணும்.

மரப்பெட்டி:
தைக்கிறது! பழைய வேட்டித்துணியில் நேராக ஒரு வரி ஓட்டினேன். ரிவர்ஸ் தைக்க என்ன செய்ய வேண்டும்? நெம்புகோல் எதுவும் காணோமே.

இரும்புப்பித்து:
28-ல் ரிவர்ஸே கிடையாது. முடிவில் ஊசியைத் துணிக்குள் இறக்கி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலைத் தூக்கி, துணியை முழுசாகத் திருப்பி, வந்த வழியே நான்கு தையல் போடுங்கள்.