நிங்கலூ திமிங்கலச் சுறா பயணம்: புதுப்பிப்பு

நீச்சல் சுமாராகத் தெரிந்தவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளப்பாறைப் பகுதியில், உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறாவோடு நீந்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். தாராளமாக நீந்தலாம், ஆனால் மூச்சு வாங்கும்.

மேலே சின்ன விமானம் சுறாவைத் தேடிச் சொல்ல, படகு அதன் பாதைக்கு முன்னால் போய் நம்மை இறக்கிவிடுகிறது. பார்த்தால் சுறா ஆடி அசைந்து போவது போலத்தான் இருக்கும். ஆனால் கூடவே போக ஃபின்ஸை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பை) விடாமல் அடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் 10 பேர்தான் நீரில் இருக்கலாம். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். தொடக் கூடாது, ஃபிளாஷும் கூடாது. வழிகாட்டி இதில் கறாராக இருந்தது எனக்கு மிகவும் பிடித்தது.

செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளைப் படம் எடுத்தால் அது எந்தச் சுறா என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். வானில் விண்மீன்கள் அமைந்திருக்கும் விதத்தை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணக்குமுறைதான் இதற்கு அடிப்படை. எவ்வளவு அழகான விஷயம்!

அப்புறம், பிலிப்பைன்ஸில் ஒஸ்லோப் என்ற ஊரில் திமிங்கலச் சுறாவோடு நீந்துவது மலிவு என்று சிலர் சொன்னீர்கள். அங்கே இறால் போட்டுச் சுறாக்களை வரவழைக்கிறார்கள். அதனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

போகிறவர்கள் மார்ச் முதல் ஜூலைக்குள் திட்டமிடுங்கள். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.