பம்பரம் கேட்ட பேரன்

குழு: பெரிய வீடு
ஞாயிறு, காலை 7:05

பாட்டி: ராஜி, வீடியோ காலில் குழந்தை ஆதி பம்பரம் பம்பரம் என்று ஓயாமல் பாடினானே, கேட்கவே பாவமாக இருந்தது. சுந்தரிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கே பெரிய கடைத்தெருவில் மரப் பம்பரம் இரண்டு வாங்கி கூரியரில் போடுவான்.

ராஜி: ஐயோ அம்மா 😂😂 அவன் பம்பரம் கேட்கவில்லை. அது "பன்பரா பன் பன் பன்". ஒரு பாட்டு.

பாட்டி: அப்படி என்றால் என்ன அர்த்தம்?

ராஜி: அர்த்தமே கிடையாது. சும்மா ஒரு சத்தம்.

சுந்தர்: நல்லவேளை. செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்ப இருந்தேன்.

கார்த்தி: அத்தை!! கோரெஞ்சர் என்ற ஜப்பானிய ஹீரோ தொடரின் பாட்டா? அது 1975. நாலு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

ராஜி: எல்லாம் உன் மாமாவின் வேலை. இங்கே ஜப்பானில் எங்கள் வார்டு நூலகத்திலிருந்து பழைய ஹீரோ பாட்டு சிடி ஒன்று எடுத்து வந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்பது மணிக்கு டிவியில் காமென் ரைடர் என்ற முகமூடி ஹீரோ தொடர், ஒன்பதரைக்கு அடுத்த ஹீரோ, பத்து மணிக்கு சிடி. குளித்த துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சோபா கைப்பிடியில் ஏறி நிற்கிறான். "பன்" வரும்போதெல்லாம் ஒரு குதி. கீழ் வீட்டில் வயதானவர்கள். எனக்குத்தான் பக் பக் என்கிறது.

சுந்தர்: கார்த்தி, நீயும் துண்டு கட்டிக் குதித்தவன்தானே. சொல்லு, அதில் அப்படி என்ன இருக்கிறது?

கார்த்தி: அப்பா, நீங்களே கேட்டீர்கள், அப்புறம் நீளமாக எழுதுகிறேன் என்று திட்டக்கூடாது. ஐந்து பேர், ஐந்து நிறம் என்று கிளம்பிய முதல் சென்டாய் தொடர், அதாவது ஹீரோ குழுத் தொடர், கோரெஞ்சர். கதையை உருவாக்கிய இஷினோமோரி ஷோதாரோவே பாட்டையும் எழுதினார். இசை வத்தனாபே சூமெய். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த மனுஷர், அப்புறம் ஜாஸ் கற்றுக்கொண்டார். அந்த ஜாஸ்காரப் புத்திதான் வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சத்தத்தைப் போட்டது என்று எனக்குத் தோன்றும்.

பாட்டி: இதற்கு ஜாஸ் எதற்கு? நாங்கள் தத்தகாரம் என்போம். சாகித்யம் பாடமாகாத பிள்ளையும் தத்தகாரத்தில் பாடிவிடும். முப்பது வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன்.

பாட்டி: இன்னொன்று. என் காதில் சுத்த தன்யாசி ராகம் போல விழுந்தது. ஆனால் குழந்தை சுருதியை விட்டுவிட்டுப் பாடினான், சத்தியம் செய்ய மாட்டேன்.

கார்த்தி: பாட்டி!!! வத்தனாபேக்கு மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசை என்றால் உயிர். ச க ம ப நி. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம். ஸ்வரம் அப்படியே சுத்த தன்யாசிதான்.

பாட்டி: ஸ்வரம் ஒன்றானால் ராகம் ஒன்றாகிவிடுமா? ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் எங்கே?

சுந்தர்: 🤣 கார்த்தி அவுட்.

ராஜி: அந்த வத்தனாபே இருக்கிறாரா?

கார்த்தி: 2022-இல் போய்விட்டார், 96 வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஜென்கைஜர் என்ற தொடருக்கு இசை அமைத்தார். 95 வயதில், குழந்தைகள் தொடருக்கு!

பாட்டி: 95-ஆ. நான் 78-க்கே முட்டி வலி என்று வகுப்பை நிறுத்திவிட்டேன்.

ராஜி: அந்த சிடியில் எனக்குப் பிடித்தது முதல் காமென் ரைடர் பாட்டு. ஒரு குரல் கரகரவென்று இருக்கும்.

கார்த்தி: அதில் ஒரு கதையே இருக்கிறது அத்தை. 1971-இல் தொடர் ஆரம்பித்தபோது அதைப் பாடியவர் கதாநாயகன் ஃபுஜியோகா ஹிரோஷியேதான். படப்பிடிப்பில் பைக்கில் விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். நாயகன் இல்லாமல் தொடர் ஓட வேண்டும், இரண்டாவது ரைடர் வந்தார். பாட்டுக்கும் வேறு குரல் வந்தது. அதுதான் உங்கள் கரகர குரல், ஷிமோன் மசாட்டோ. அப்போது வேறு பெயரில் பாடினார். இன்று அந்தப் பாட்டு என்றாலே ஜனங்களுக்கு அவர் குரல்தான்.

கார்த்தி: பின்னால் அவரே ஒரு தையாகி மீன் பாட்டுப் பாடினார். தையாகி என்றால் மீன் வடிவில் சுட்டு, உள்ளே இனிப்புப் பயறு வைத்த பலகாரம். அந்த இசைத்தட்டு 45 லட்சத்துக்கு மேல் விற்றது. ஜப்பானில் இன்றுவரை அதிகம் விற்ற சிங்கிள் அதுதான். அவருக்குப் பேசியிருந்த கூலி மொத்தமாக 50,000 யென்.

சுந்தர்: அடப்பாவிகளா.

பாட்டி: பாடுகிறவன் வயிறு எந்த ஊரிலும் அப்படித்தான்.

ராஜி: ரைடர் பாட்டு முடிந்ததும் ஒருவர் கடகடவென்று ஏதோ சொல்வாரே?

கார்த்தி: அது முன்கதை. "இவர் பெயர் ஹொங்கோ தக்கேஷி, உடலை மாற்றி அமைக்கப்பட்டவர், உலகைப் பிடிக்க நினைக்கும் ஷாக்கர் கூட்டத்தோடு மோதுகிறார்" என்கிற மாதிரி. போன வாரம் பார்க்காத பிள்ளைக்கும் கதை புரிந்துவிடும். அந்த இசை கிக்குச்சி ஷுன்சுகே. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்த டோரேமானுக்கும் அவர்தான் இசை.

ராஜி: இப்போது வரும் ரைடர் பாட்டெல்லாம் பெரிய பாப் பாடகர்கள் பாடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதி அதற்கு ஆடுகிறானே தவிரப் பாடுவதில்லை. அந்த வேகத்துக்கு வாய் போக வேண்டாமா?

கார்த்தி: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அத்தை. 2007-இல் வந்த டென்-ஓ ரைடர் பாட்டைப் போட்டுப் பாருங்கள், அவனே கத்துவான்.

ராஜி: வேண்டாம் சாமி. கீழ் வீடு.

மாலை 5:40

பாட்டி: 🎤 குரல் செய்தி (1:12)

ராஜி: அம்மா!!! பன்பராவுக்கு ஸ்வரம் போட்டுப் பாடியிருக்கிறாய்!

பாட்டி: குழந்தைக்குப் போட்டுக் காட்டு. இரண்டாவது காலத்திலும், அதாவது இரட்டை வேகத்திலும், பாடியிருக்கிறேன்.

ராஜி: படுக்கையிலிருந்து எழுந்து வந்து நான்கு தடவை கேட்டான். "பாட்டி, ஒன்ஸ் மோர்" என்கிறான்.

சுந்தர்: எல்லாம் சரி, பம்பரம் வாங்கவா வேண்டாமா? கடை அடைக்கிற நேரம்.

ராஜி: இங்கேயே பம்பரம் உண்டு அண்ணா. புத்தாண்டுக்குச் சுற்றுவார்கள்.

பாட்டி: அது அந்த ஊர்ப் பம்பரம். சுந்தர், நீ வாங்கு. சாட்டையும் சேர்த்து வாங்கு.

ராஜி: அப்படியானால் இரண்டு போதாது, ஐந்தாக வாங்க வேண்டுமாம். சிவப்பு, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை. பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணிச் சொல்கிறான்.

சுந்தர்: கடையில்தான் நிற்கிறேன். இளஞ்சிவப்புப் பம்பரமா என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.