பானிபட்டில் பாபரிடம் 700 பீரங்கியாம்! எங்கே இருக்கிறது ஆதாரம்?

கோட்டைமேடு:
இரண்டு நாளாக இங்கே ஒரு பதிவு சுற்றுகிறது. “1526-இல் பாபர் 700 பீரங்கிகளோடு பானிபட்டுக்கு வந்தார், இப்ராஹிம் லோடியின் யானைப்படை பொசுங்கியது, வெடிமருந்து இல்லையேல் முகலாயர் இல்லை.” ஆளாளுக்கு அதைப் பகிர்கிறார்கள். எரிச்சல் தாங்காமல்தான் எழுதுகிறேன். 700 என்பது வண்டிக் கணக்கு ஐயா, வண்டி! பாபர் தன் கைப்படவே எழுதியிருக்கிறார். படையினரிடம் வண்டி சேர்க்கச் சொன்னார், 700 தேறியது. உதுமானியத் துருக்கியர் பாணியில் அவற்றைப் பிணைக்கச் சொன்னார், சங்கிலிக்குப் பதில் பச்சைத் தோல்வாரால். இரண்டிரண்டு வண்டிக்கு நடுவே ஐந்தாறு மறைப்புத் தட்டி, அதன் பின்னால் துப்பாக்கிக்காரர்கள். பீரங்கி எத்தனை என்று அவர் எண்ணே தரவில்லை.

வெடிமழை:
அந்தப் பதிவு என்னுடையதுதான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். 700 வண்டி எதற்கு, வைக்கோல் ஏற்றவா? 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் மதிலை உடைத்தது உதுமானியப் பீரங்கிதானே? 1514-இல் சால்திரானில் பாரசீக ஷா இஸ்மாயிலின் கிஸில்பாஷ் குதிரைப்படையைச் சாய்த்தது எது? உதுமானிய சுல்தான் செலிமின் பீரங்கியும் அவருடைய ஜானிசரிக் காலாட்படையின் துப்பாக்கியும்தான். அதே பாணிதான் பானிபட்டிலும். வண்டி இருந்தால் பீரங்கியும் இருந்திருக்கும்.

கோட்டைமேடு:
“இருந்திருக்கும்” எப்போதிலிருந்து ஆதாரம் ஆனது? சால்திரானை நான் கேட்கவே இல்லை. 700-ஐக் காட்டுங்கள்.

நடுநிலை:
முதலில் ‘வெடிமருந்துப் பேரரசு’ என்று எதைச் சொல்கிறோம்? பீரங்கி வார்க்க ஆகும் செலவு அரசனுக்குத்தான் கட்டுப்படியாகும், அதனால் குறுநிலத் தலைவர்கள் ஒடுங்கி நடுவண் அதிகாரம் வளர்ந்தது என்பதுதானே அந்தக் கருத்து? ஒரு போரில் எத்தனை பீரங்கி இருந்தது என்பதா கேள்வி?

வெடிமழை:
அதை அப்புறம் பார்க்கலாம் நண்பரே. இவருக்கு முதலில் பதில்.

ஹம்பிக்காரன்:
வெடிமருந்து என்றாலே உங்களுக்கு வடக்கு மட்டும்தானா? 1520-இல் ராய்ச்சூரில் பீஜப்பூர் சுல்தான் அடில் ஷாவின் பீரங்கி வரிசையைத் தாண்டித்தான் கிருஷ்ணதேவராயர் வென்றார். அதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

கோட்டைமேடு:
நன்றி, என் கட்சிக்குச் சாட்சி. பீரங்கியை நம்பியவர் தோற்றார்.

வெடிமழை:
கோட்டையைப் பிடிக்கும்போது மதில்மேல் நின்றவர்களைச் சுட்டு வீழ்த்தியது போர்த்துகீசியத் துப்பாக்கிகள். வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

ஹம்பிக்காரன்:
நாலு பறங்கியர் வந்து சுட்டதால்தான் ராயர் ஜெயித்தாரா? அத்தனை பெரிய படை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததா? வார்த்தையை அளந்து பேசுங்கள்.

கோட்டைமேடு:
ராய்ச்சூருக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பானிபட். வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் பள்ளமும் வெட்டிப்போட்ட மரக்கிளையும், நடுவில் வண்டி வரிசை. வரிசையில் அம்பு எட்டும் தூரத்துக்கு ஒன்றாக இடைவெளி, நூறு இருநூறு குதிரை பாய்ந்து வெளியேற. லோடியின் படை நிற்காமல் வேகமாக வந்து, குறுகிய இடத்தில் முட்டித் தடுமாறியது. பாபரின் இரண்டு ஓரப் படைகளும் சுற்றி வளைத்துப் பின்னாலிருந்து அம்பு மாரி பொழிந்தன. இதுதான் துலுக்மா. நண்பகலுக்குள் முடிந்தது. தன் பீரங்கிப் பொறுப்பாளர்கள் உஸ்தாத் அலி குலியும் முஸ்தபாவும் நன்றாகச் சுட்டார்கள் என்று பாபர் பாராட்டுகிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாராட்டு ஓரிரு வரிதான்.

இன்னொன்று. பானிபட்டுக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் ஆக்ராவில் அலி குலி ஒரு பெரிய பீரங்கி வார்த்தார். பயானா போன்ற பணியாத கோட்டைகளுக்காக. அச்சைச் சுற்றி எட்டு உலை. உருகிய உலோகம் அச்சு நிரம்பும் முன்பே நின்றுபோனது. அந்த அவமானத்தில் மனிதர் கொதிக்கும் உலோகத்திலேயே குதிக்கப் போனார், பாபர்தான் தேற்றினார். ஒன்றை வார்க்கவே இந்தப் பாடு. 700 எங்கிருந்து வந்தது?

உங்களுக்கு அந்த எண் எங்கே கிடைத்தது என்றும் சொல்கிறேன். 1540, கன்னோஜ். பாபரின் மகன் ஹுமாயூனிடம் சிறு பீரங்கி ஏற்றிய 700 வண்டி இருந்ததாக, அவர் பக்கம் போரிட்ட மிர்ஸா ஹைதர் எழுதுகிறார். அவை ஒருமுறைகூட வெடிக்கவில்லை என்றும் அவரே சொல்கிறார். எதிரி ஷெர்ஷா வென்றார்.

வெடிமழை:
வந்தீர்களா வழிக்கு! மகனிடம் 700 பீரங்கி வண்டி என்றால் அப்பனிடம் மட்டும் வெறும் வண்டியா?

கோட்டைமேடு:
இடையில் 14 வருடம் ஐயா! அதற்குள் ஆக்ராவின் கருவூலமும் பட்டறைகளும் கைக்கு வந்துவிட்டன. காபூலிலிருந்து வந்த படையோடு அதை ஒப்பிடுவதா?

வெடிமழை:
ஷெர்ஷா இழையிலும் இப்படித்தான், நிர்வாகியிடம் புகார் செய்து என் பதிவைத் தூக்கவைத்தீர்கள். மறக்கவில்லை.

கோட்டைமேடு:
தவறான வரைபடம் போட்டீர்கள், போனது. அதைவிடுங்கள். 700 எங்கே?

நடுநிலை:
என் கேள்விக்கு யாராவது...

ஹம்பிக்காரன்:
‘நாலு பறங்கியர்’ விஷயத்தில் வெடிமழை இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெடிமழை:
நாலு என்று சொன்னதே நீங்கள்தான்! கோட்டைமேடு, கான்வாவுக்கு வாருங்கள். 1527 மார்ச், பாபர் மேவார் ராணா சங்காவை வென்ற போர். அங்கேயும் வில்லும் அம்பும்தான் வென்றது என்பீர்களா?

கோட்டைமேடு:
கான்வாவுக்கும் வருவேன். அதற்கு முன் பதிவில் அந்த எண்ணை அடியுங்கள்.

வெடிமழை:
அடிக்க முடியாது. இன்று இரவு இரண்டாம் பாகம் போடுகிறேன், படித்துவிட்டு வாருங்கள்.